சைக்கிள் மணியும் அவர் ஓட்டமும்

சிசிலியில் குளிரே இல்லை என்று சொல்பவர்களை, சனவரி மாத விடியலில் கால்சாக் கடற்கரையில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். பனி கொட்டாது, உண்மைதான். ஆனால் துறைமுகப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்று காதுக்குள் புகுந்து பல்லில் போய் நிற்கும்.

அந்தக் குளிரில்தான் என் கணவரை ஓட வைத்தேன். இருதயத்தில் அடைப்பு வந்து, ஆளை உயிரோடு திருப்பித் தந்த டாக்டர், இனி நாள் தவறாமல் மெதுவாக ஓடவேண்டும் என்று சொல்லியிருந்தார். டாக்டர் முன்னால் "ஓம், ஓம்" என்று தலையாட்டிய மனிதர், வீட்டுக்கு வந்தபின் கதிரையை விட்டு எழும்பவில்லை. நான் விடுவேனா? நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, இங்கத்தைய பேச்சில் சிஞ்ஞோரா, தந்த பழைய சைக்கிளை எடுத்தேன். அவரை முன்னால் ஓடவிட்டு, மாடு சாய்ப்பதுபோலப் பின்னால் போனேன்.

அவருக்கு இரண்டு சுவெற்றர், மப்ளர், குரங்குத் தொப்பி, நெஞ்சில் தைலம். அரைக்காற்சட்டையோடு ஓடிய இத்தாலியர்கள் விலகி வழிவிட்டார்கள். எனக்கு வெட்கமில்லை. ஆள் இருந்தால் போதும்.

ஆனால் மனிதர் ஓடினால்தானே! நாலு எட்டு வைப்பார், நின்று திரும்பிப் பார்ப்பார். மறுபடி நாலு எட்டு.

"கள்ளமடியாதேங்கோ," என்று ஒருநாள் கத்திவிட்டேன். "மூச்சு வாங்குதெண்டால் சொல்லுங்கோ. சும்மா சும்மா என்னத்தைத் திரும்பிப் பாக்கிறியள்?"

"நீ வாறியோ எண்டு பாக்கிறன்."

"நான் எங்கை போகப்போறன்?"

"அம்மாவும் பின்னாலைதான் வந்தவ."

எங்கள் கல்யாணத்துக்கு முந்திய கதை அது. வன்னிப் போரில் செல்லடிக்குள் தாயும் மகனுமாக ஓடியதையும், அவர் திரும்பிப் பார்த்தபோது தாய் இல்லாததையும் அவருடைய தங்கை எனக்குச் சொல்லியிருந்தாள். அவர் வாயால் அன்றுதான் கேட்டேன்.

"நான் மணி அடிச்சுக்கொண்டே வாறன்," என்றேன். "சத்தம் கேட்டால் நான் பின்னாலை நிக்கிறன் எண்டு அர்த்தம். நீங்கள் திரும்பாதேங்கோ."

அடுத்த நாள் காலை கடற்கரை முழுக்க என் மணிச் சத்தம்தான். நாயோடு நடந்த கிழவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு, போதும் சிஞ்ஞோரா என்று கெஞ்சினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணவரின் கழுத்து இடைக்கிடை திரும்பப் பார்த்தது. பிறகு அதுவும் அடங்கியது.

ஓடுகிறவரின் வேகத்துக்குச் சைக்கிளை மெதுவாக மிதிப்பது லேசான வேலையில்லை. இரவு பெய்த மழையில் தரை வேறு வழுக்கியது. முன்சில்லு சறுக்கி, சைக்கிளோடு பாதையோரப் புல்லில் விழுந்தேன். முழங்கால் எரிந்தது. குளிர்ந்த தண்ணீர் முதுகில் ஊறியது. அவர் ஓடிக்கொண்டிருந்தார், நிற்காமல், முதல் தடவையாக.

கூப்பிட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். கிடந்தபடியே கையை எட்டி மணியை அடித்தேன். அவர் தூரமாகப் போகப்போக இன்னும் பலமாக அடித்தேன்.