பஸ் தெரியும் மேசை

கல்முனையில் நான் பரிமாறிய சாப்பாட்டுக் கடைக்கு அந்த ராத்தா வியாழக்கிழமை பகல்களில் வருவார். பெயர் கேட்டதில்லை; அக்கா முறையில் ராத்தா என்றே கூப்பிடுவேன். கறுப்பு அபாயா, தடித்த மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு பழைய ஃபைல். எப்போதும் வீதியோர மேசையில்தான் இருப்பார். சம்மாந்துறை பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். பஸ்ஸைக் கண்டால் பாதிச் சோற்றோடு எழும்பிவிடுவார்.

அன்று பக்கத்து மேசை ஆள் ஒருவன் அவரிடம் போன் நம்பர் கேட்டான். ராத்தா வீதிப் பக்கம் திரும்பிக்கொள்ளவே, கதிரையை இழுத்துக்கொண்டு அவர் மேசைக்கே வந்துவிட்டான். ராத்தா என்னைப் பார்த்தார். நான் போய் அவருடைய சோற்றுத் தட்டைத் தூக்கினேன்.

“உள்ளுக்குப் பொம்புளைகளுக்கு ரூம் இரிக்கி ராத்தா, திரையும் போட்டிரிக்கி. அங்க வாங்க.”

“பிழை செஞ்சது அவரு. என்னை என்னத்துக்குத் தம்பி மறைக்கிறீங்க? அவரை எழும்பச் சொல்லுங்க.”

“அவரு நம்மட கடைக்கு நெடுக வாறவரு,” என்றேன் மெதுவாக.

“நானும் நெடுகத்தானே வாறன்?”

தட்டோடு உள்ளே நடந்தேன், ராத்தா பின்னால் வந்தார். திரையை நானே இழுத்து மூடினேன். பிரச்சினை சத்தமில்லாமல் முடிந்துவிட்டது என்று எனக்குள் பெருமை வேறு.

கொஞ்ச நேரத்தில் சம்மாந்துறை பஸ் வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. திரைக்குப் பின்னால் இருந்த ராத்தாவுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. அப்போது நான் ராத்தாவின் மேசையில், அந்த ஆளுக்குப் பிளேன்டீ வைத்துக்கொண்டிருந்தேன்.