இராஜம்மாவின் இரண்டு இஞ்சின்கள்

"கண்ணு போனா காதும் மூளையும் கூடவே போயிடுமா?" என்று இராஜம்மா கேட்டதற்கு மகள் ரமணியிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் என்ன, முடிவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லோரியோடு வருவாள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்து, அப்பாவையும் அம்மாவையும் கிள்ளானில் தன் வீட்டுப் பின்னறையில் கொண்டுபோய் வைப்பாள். வைப்பாளாம்! இராஜம்மா என்ன, அலமாரியா?

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. இனிப்பு நீர் வியாதி இராஜம்மாவின் இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதலில் அழுதாள், அப்புறம் எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள், அதற்கும் அப்புறம் தெருக்கோடியில் இருந்த பார்வையற்றோர் சங்கத்துக்குப் போய் வெள்ளைக் கம்பு பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பாசாருக்குத் தனியாகப் போய் மீன்காரரிடம், "நேத்து மீனை என் தலையில கட்டாதே லா" என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். கணவர் அய்யாவு ரயில்வே யார்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பகலில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு துணிக்கடைக்கு ஜாகா, காவல் வேலை. அவர் போன பிறகு வீட்டில் அவள் தனிதான். ஒரு நாள் கொதிதண்ணீர் காலில் கொட்டிவிட்டது. கண் தெரிந்தவர்கள் காலில் கொட்டினால் அது தண்ணீர் கொட்டியது, அவ்வளவுதான். இவள் காலில் கொட்டியதும் லோரி ஏற்பாடு ஆகிவிட்டது.

போதாக்குறைக்கு அந்த ரயில் வேறு.

கல்யாணத்துக்கு முன்னால் இராஜம்மா ஒரு ரயில்வே துரை வீட்டில் ஆயாவாக இருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போனவள் பிள்ளையின் பொம்மை ரயிலையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். துரை குடும்பம் ஊருக்குக் கப்பலேறியபோது, "இது உனக்கு" என்று பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு நீராவி இஞ்சின், ஒரு டீசல் இஞ்சின், ஒரு சாக்குத் தண்டவாளம். அன்றிலிருந்து ஹாலில் இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்ட மேசையில் அந்த ரயில் ஓடிக்கொண்டிருந்தது. "யார்டுலயும் ரயிலு, வீட்டுலயும் ரயிலா?" என்று அய்யாவு தலையில் அடித்துக்கொள்வார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். அவளுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே விளையாட்டு அது.

கண் போன பிறகு அதுவும் போயிற்று. பழைய முறையில் தண்டவாளத்தில் கரண்டைக் கூட்டினால் அதில் நிற்கிற இஞ்சின் எல்லாமே ஓடும். எது எங்கே போகிறது என்று கண்தான் சொல்ல வேண்டும், இரண்டும் எழுப்புவதோ ஒரே கரகரப்பு. ஒரு நாள் டீசல் மேசையை விட்டு விழுந்தது. "ஒரு பொம்மை ரயிலையே பாத்துக்க முடியல, வீட்ட எப்பிடிம்மா பாத்துக்குவீங்க?" என்றாள் ரமணி. அந்தச் சொல் இராஜம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ரெண்டு இஞ்சினையும் ஒரே லைன்ல, எதிரும் புதிருமா ஓட்டிக் காட்டுறேன்," என்று வாயை விட்டாள். "முட்டினா, விழுந்தா, நானே பெட்டியக் கட்டிக்கிட்டு உன் லோரியில ஏறுறேன். ஓட்டிட்டேன்னா, கிள்ளான் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரி" என்றாள் ரமணி. அம்மாவால் முடியாது என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

இராஜம்மா சும்மா வாயை விடவில்லை. எதிர்வீட்டுத் தனலெட்சுமி சுங்கை வே எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை செய்பவள். மயிரிழை ஒயரைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பற்றவைப்பதுதான் அவளுக்குத் தினசரி வேலை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பொம்மைக்கடை முதலாளி தவுக்கே வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தரும் புது சர்க்கிட்டைப் பற்றி அவள்தான் சொன்னாள். நகக்கண் அளவுதானாம். அதை இஞ்சினுக்குள் வைத்துவிட்டால், ரயிலை ஓட்டும் கைப்பெட்டியில் அதன் நம்பரை அழுத்தினால்தான் அது அசையும், இன்னொன்று அசையாது. கூடவே ஒரு குட்டி ஸ்பீக்கர். நீராவி இஞ்சின் நிஜ இஞ்சின் மாதிரி மூச்சு வாங்கும், டீசல் உறுமும். "கண்ணே வேணாம் ஆன்டி, காது போதும்" என்றாள். இராஜம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வேலை சுலபமாக முடியவில்லை. பழைய இஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பிரித்து வைக்காமல் கரண்ட் கொடுத்தால் சர்க்கிட் புகைந்து சாம்பலாகிவிடும், மாற்று சர்க்கிட்டும் கிடையாது. தனலெட்சுமி ஒவ்வொரு இடமாகத் தேய்த்து, காகிதம் கொடுத்து, பற்றவைத்தாள். முதல்முறை கரண்ட் கொடுத்தபோது இராஜம்மா மூக்கைத் தூக்கிக் கருகல் வாசனைக்காகக் காத்திருந்தாள். வாசனை வரவில்லை. அடுப்பில் பால் பொங்குவது போல ஒரு சத்தம் எழுந்து, நீராவி இஞ்சின் "புஸ்" என்று ஒரு பெருமூச்சு விட்டது. இராஜம்மாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

கைப்பெட்டிப் பொத்தான்களில் அவள் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டாள். மூன்றுக்குச் சின்னப் பொட்டு, ஐந்துக்கு நீளப் பொட்டு, நிறுத்தும் பொத்தானுக்குத் தடவினாலே தெரிகிற பெரிய வெல்வெட் பொட்டு.

கடைசியாக இருந்தது நம்பர் கொடுப்பது மட்டும்தான். புதிதாக வரும் சர்க்கிட் எல்லாமே மூன்றாம் நம்பர். நீராவி மூன்றாகவே இருக்கட்டும், டீசலை ஐந்தாக மாற்றலாம் என்று பேச்சு. நம்பர் மாற்றும்போது லைனில் ஒரே ஒரு இஞ்சின்தான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்கிறது எல்லாம் அந்த நம்பரை வாங்கிக்கொள்ளும். தனலெட்சுமி நீராவியைத் தூக்கி மேசையோரம் பேப்பரில் படுக்கவைத்துவிட்டு, கை கழுவிவிட்டு வந்து, கைப்பெட்டியிலேயே கண்ணாக டீசலுக்கு நம்பரை அழுத்தினாள். அந்த நேரம் பார்த்துப் பேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. "ஆன்டி, நம்பர் குடுத்தாச்சு. நான் போறேன், ஞாயித்துக்கிழம ஓட்டிப் பாத்துக்குங்க!" என்று ஓடினாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஓவர்டைம். கைப்பெட்டியையும் கரண்ட் பெட்டியையும் அய்யாவு பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

நம்பர் கொடுத்த அந்த நொடியில் மோட்டார் அசைந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொரு 'டிக்'கும் கேட்டது. சுவரில் பட்டுத் திரும்பியிருக்கும் என்று இராஜம்மா நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரமணி வந்தாள். லோரி வாசலில் நின்றது. காலிப் பெட்டிகளை ஹாலில் இறக்கி வைத்தாயிற்று. அய்யாவு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாளைக்கு முன்னால் அவர் போனில் மெதுவாக, "சரிம்மா, நீ வா, எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்று மகளிடம் சொன்னதை இராஜம்மா அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டாள். கேட்டதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. நெஞ்சுக்குள் அது கிடந்து அறுத்தது.

"ஆரம்பிங்கம்மா" என்றாள் ரமணி.

இராஜம்மா இரண்டு இஞ்சின்களையும் தடவி, எதிரெதிராக நிற்பதைச் சரிபார்த்துக்கொண்டாள். சின்னப் பொட்டைத் தேடி மூன்றை அழுத்தினாள். வேகத்தைக் கூட்டினாள். எதுவும் அசையவில்லை. இன்னும் கூட்டினாள், மூச்சுச் சத்தம் கூட வரவில்லை. ரமணி பெருமூச்சு விட்டது நன்றாகவே கேட்டது.

சரி, டீசலையாவது எடுப்போம் என்று நீளப் பொட்டில் ஐந்தை அழுத்தினாள். டீசல் உறுமியது. கூடவே, மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து நீராவியும் மூச்சு வாங்கிக்கொண்டு கிளம்பியது.

ஐயோ! இரண்டும் ஒரே லைனில், ஒன்றை நோக்கி ஒன்று.

"அம்மா! முட்டப் போவுது! நிறுத்துங்க!" ரமணி போட்ட சத்தத்தில் இரண்டு இஞ்சினும் எங்கே இருக்கின்றன என்பதே காதில் விழவில்லை. போதாததற்கு ஓடிவந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கைப்பெட்டி நழுவியது.

"கைய விடுடி!"

இராஜம்மா அப்படிக் கத்தி ரமணி கேட்டதே இல்லை. கை விலகியது. மார்போடு அணைத்துப் பிடித்த கைப்பெட்டியில் விரல்கள் தடவின. வழவழப்பு, வழவழப்பு, வெல்வெட். அழுத்தினாள்.

சத்தம் நின்றது. இராஜம்மா கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். இரண்டு இஞ்சினுக்கும் நடுவே அவளுடைய ஒரு விரல் நுழைந்தது.

"போதும்மா," என்றாள் ரமணி. அவள் குரலில் வெற்றி இல்லை, அழுகைதான் இருந்தது. "எனக்குப் படபடன்னு வருது. நீங்க இங்க தனியா இருக்கீங்கன்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வரலம்மா. பெட்டியக் கட்டுறேன்." பெட்டியின் மூடி திறக்கும் ஓசை கேட்டது.

அப்போதுதான் அந்த இரண்டாவது 'டிக்' இராஜம்மாவின் நினைவுக்கு வந்தது. சுவர் இல்லை. நம்பர் கொடுக்கும்போது நீராவியும் லைனில் நின்றிருக்கிறது. தனலெட்சுமி கை கழுவப் போன நேரத்தில் யாரோ அதைத் தூக்கி லைனில் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் அந்த யாரோ யாராக இருக்க முடியும்? யார்டில் முப்பது வருஷம் இஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து இறங்கவிடாமல் காத்த மனிதருக்கு, பொம்மை இஞ்சின்கூட லைனை விட்டு இறங்கிப் படுத்திருந்தால் பொறுக்காது. ஓரமாகக் கிடந்ததை எடுத்து அழகாக லைனில் நிறுத்தியிருப்பார், பாவி மனுஷன்!

அவளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த மனிதர் கிள்ளானுக்குப் போகத்தான் ஆசைப்படுகிறார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், அவர் ஆசை நிறைவேறிவிடும். அவராகச் சொல்லாமல் இவள் மட்டும் ஜெயித்து, இந்த வீட்டில் யாரோடு இருந்து என்ன செய்வது? அவர் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். வீட்டுக்குப் பின்னால் கொம்யூட்டர் ரயில் போய் ஓய்ந்தது. ரமணி தண்டவாளத்தின் முதல் துண்டைக் கழற்றினாள்.

நாற்காலி கிறீச்சிட்டது.

"அத அப்பிடியே வையி, ரமணி," என்றார் அய்யாவு. "அம்மா மேல தப்பு இல்ல. தனம் எறக்கி வச்ச இஞ்சின நாந்தான் லைன்ல ஏத்துனேன். நம்பர் குடுக்கிறப்ப ஒண்ணுதான் நிக்கணும்னு அந்தப் புள்ள சொல்லிச்சு. நான் சரியா காதுல வாங்கல."

"என்னப்பா சொல்றீங்க?"

"ரெண்டும் அஞ்சாம் நம்பர் ஆயிடுச்சு. உங்கம்மா இல்லன்னா இன்னிக்கு ரெண்டும் முட்டியிருக்கும். கண்ணு ரெண்டும் நல்லாருக்கிற நானும் நீயும்தான் முட்ட விட்டிருப்போம்."

ரமணி கழற்றிய துண்டை மெதுவாகத் திரும்பப் பொருத்தினாள். அய்யாவு வந்து நீராவி இஞ்சினைத் தூக்கினார். பேப்பரிலும் வைக்கவில்லை, மேசையிலும் வைக்கவில்லை, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். இராஜம்மா ஒவ்வொரு பொட்டாகத் தடவி, தனலெட்சுமி சொல்லிக்கொடுத்திருந்தபடி டீசலுக்கு மறுபடி ஐந்தைக் கொடுத்தாள். பிறகு டீசலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த நீராவியை வாங்கி லைனில் நிறுத்தி மூன்றைக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு 'டிக்'தான் கேட்டது.

பிறகு டீசலையும் லைனில் ஏற்றி ஓட்டினாள். நீராவி பக்கத்தில் கிளை பிரியும் லூப் லைனில் ஒதுங்கிப் பெருமூச்சு விட்டபடி காத்திருக்க, டீசல் உறுமிக்கொண்டு அதைக் கடந்து போயிற்று. திரும்பவும் வந்தது, திரும்பவும் கடந்தது. ஒன்றும் முட்டவில்லை, ஒன்றும் விழவில்லை.

"லோரிய அனுப்பிடவாம்மா?" என்றாள் ரமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எதுக்கு வெறும் லோரிய அனுப்புற? கிள்ளானுக்குக் கொண்டுபோகணும்னா உங்கப்பாவ ஏத்திக்கிட்டுப் போ. தனியா விட முடியாத ஆளு இந்த வீட்டுல அவருதான்."

ஓட்டம் முடிந்ததும், துடைப்பதற்காக அவள் லைனிலிருந்து எடுத்து வைத்த டீசலை அய்யாவு கையில் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப லைன்ல வைக்கலாமா, ராஜம்?" என்று கேட்டார்.