இறக்கத்தில் பிரேக் பிடித்தவர்

திருப்பூரில் கம்பெனி லீவான ஞாயிறுகளில், கியர் சைக்கிளில் உடுமலை தாண்டி மலையடிவாரம் வரை போய் வருவேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அப்படிப் போன ஒரு நாள் அவரைப் பார்த்தேன்.

ஒல்லியான மனிதர். முன்கை முழுக்க அயர்ன் பெட்டி சுட்ட தழும்புகள். பழைய சைக்கிளில் ஏற்றத்தை எழுந்து நின்று மிதித்தார். ஆனால் ஒவ்வொரு இறக்கத்திலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தார்.

“ஏனுங்க, இறக்கத்துல சும்மா உட்டாப் போகுமுங்களே?” என்றேன்.

“வேகமாப் போனா ரெண்டு பக்கமும் பாக்க முடியாதுல்லா, சார்.”

தெற்கத்திப் பேச்சு. புத்தி பேதலித்த மனைவி, அவர் ஷிஃப்டில் இருந்தபோது வீட்டைவிட்டுப் போய்விட்டாளாம். வலப்பக்கத்தை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கூடவே போனேன்.

அமராவதி அணையில் மீன் பொரித்து விற்கும் அம்மாள் அவர் நீட்டிய போட்டோவைப் பார்த்து, “இந்தப் புள்ள நேத்து மறையூர் ரோட்டுல நடந்து போச்சுங்க” என்றார்.

அவர் உடனே சைக்கிளைத் திருப்பினார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். “வேண்டாமுங்க, மேல காடு. யானை நிக்குமுங்க.”

“யானை நிக்கிற காட்டுலதான சார் அவ ஒத்தையில நிக்கா!”

என் கை தானாக விலகியது.

அடுத்த ஞாயிறு வனத்துறை செக்போஸ்ட்டில் விசாரித்தேன். அன்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மறுநாளும் வந்தாராம், அதற்கு மறுநாளும், நேற்று வரைக்கும்.

“அந்தம்மா கிடைக்கலீங்க,” என்றார் காவலர். “இன்னைக்கு அவரையும் இன்னும் காணோமுங்க.”

பொழுது சாயும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.