பதினோராம் பாலப்படையின் விமர்சகர்

தேநீர்ப் பாத்திரத்தின் மூடி கோட்டையாகிவிட்டது. உப்புக் குப்பி காவல் கோபுரம். லொரைன் ஹாலம் புத்தகம் மூடிக்கொள்ளாதபடி இடது முழங்கையால் அமுக்கிக்கொண்டு, வலது கையால் அளவுநாடாவை இழுக்கிறார். கதையில் ஒரு கேப்டன் கோட்டை வாசலிலிருந்து கோபுரத்துக்கு ஓடுகிறான். ஒரே பத்தியில் போய்ச் சேர்ந்தும் விடுகிறான். நாடா வேறு மாதிரிச் சொல்கிறது.

"முழுக் கவசத்தோட இவ்வளவு தூரமா? நடுவுல பஸ் பிடிச்சிருப்பான்."

எதிரே அவர் கணவர் மால்கம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீன்ஸும் வாட்டிய ரொட்டியும் சாப்பிடுகிறார். சாப்பாட்டு மேசையில் இடம் கேட்பதை அவர் நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று.

"உப்பு வேணும். கோபுரத்தை இடிச்சுக்கலாமா?"

"அத்தியாயம் முடியட்டும்."

நாட்டிங்காமுக்கு அருகே லாங் ஈட்டனில் ஒரு பட்டறையில் லொரைனுக்கு வண்டிச் சோதனை வேலை. சாலையில் ஓடும் கார் எதுவானாலும் ஆண்டுக்கு ஒருமுறை இவரைப் போன்ற ஒருவரின் கைவிளக்குக்கும் சிறு சுத்தியலுக்கும் கீழே வந்தாக வேண்டும். அவரிடம் தீர்ப்புகள் மூன்று: 'தேர்ச்சி', 'தேர்ச்சி, ஆனால் கவனிக்க', 'தோல்வி'. நாவல்களுக்கும் அதே மூன்றைத்தான் தருகிறார். நட்சத்திரம் போடுவதில்லை. விமர்சனங்கள் போடும் அவரது இணையதளத்தில் 'அற்புதம்' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. "ஓடும், தூரம் போகாது" என்பார். "பெயின்ட் பளபளன்னு இருக்கு, பிரேக் எங்கே?" என்பார். மனம் மிகவும் இளகிய நாளில், "இதுல என் அம்மாவை ஏத்தி அனுப்புவேன்" என்பார்.

அவர் சோதிப்பது எல்லா நாவல்களையும் அல்ல. 'கரிவெளி' என்றொரு போர் விளையாட்டு இருக்கிறது. விண்மீன்களுக்கு நடுவே முடிவில்லாமல் நடக்கும் போரை, விரல் நீளப் பிளாஸ்டிக் சிப்பாய்களை நகர்த்தியும் பகடை உருட்டியும் மேசைமேல் ஆடுவது. அந்த விளையாட்டை விற்கும் கம்பெனியே அந்த உலகத்தில் நடக்கும் நாவல்களையும் எழுதவைத்து வெளியிடுகிறது. பத்திரிகைகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஊர் நூலகத்தில் அவற்றுக்குக் கழிப்பறைக் கதவை ஒட்டி ஓர் அலமாரி. லொரைன் அதற்கெல்லாம் வருத்தப்படுவதில்லை. மட்டமான காரையும் அவர் பாதி பார்த்துவிட்டு அனுப்பியதில்லை.

நடக்காத ஒன்றைப் பற்றிப் பொய் சொல்ல முடியுமா? முடியும் என்பதுதான் அவர் கட்சி. ஒரு மனிதன் பசிக்காமல், களைக்காமல், கால் நனையாமல் ஒரு போரைக் கடந்தால் அது பொய். வேற்றுக் கோளில் நடந்தாலும் பொய்தான். நான் படித்த தத்துவ நூல்களில் இந்தக் கேள்வி பல பக்கங்களை எடுத்துக்கொள்ளும். லொரைன் எடுத்துக்கொள்வது ஓர் அளவுநாடாவை.

அவர் வைத்திருக்கும் படையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரிவெளியில் கொம்பு வைத்த தலைக்கவசப் படைகள் உண்டு, நெருப்பு வாள் படைகள் உண்டு. பதினெட்டு வயதில் லொரைன் தேர்ந்தெடுத்தது பதினோராம் பாலப்படையை. விதிப்புத்தகத்தில் அவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி: மற்றவர்கள் கடந்துபோன பாலங்களை அவர்கள் கட்டினார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக முப்பத்தெட்டு ஆண்டுகளாகச் சிப்பாய்களை ஒட்டி, வண்ணம் தீட்டி, ஒவ்வொருவனுக்கும் பெயரும் வைத்திருக்கிறார். "நம்ம பசங்க" என்பார். மால்கமின் உறவினர்களைப் பற்றிக்கூட அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

இந்த ஆட்டக்காரர்களிடையே ஒரு நியதி உண்டு. கம்பெனியின் நாவலில் அச்சானது நடந்தது. ஒரு நகரம் எரிந்தால் எரிந்ததுதான். ஒரு படை அழிந்தால், அன்று முதல் அந்தப் படையை எந்த மேசையிலும் அதற்குப் பிந்தைய காலத்துப் போரில் இறக்க முடியாது. யாரும் அழுது மாற்றிவிட முடியாது.

டேமியன் கெர்ஷா என்ற எழுத்தாளரின் முதல் இரண்டு நாவல்களையும் லொரைன் தோற்கடித்திருந்தார். இரண்டாவதில் சிப்பாய்கள் சேற்று ஆற்றில் இறங்கி மறுகரை ஏறினார்கள். அதற்கு லொரைன் எழுதிய விமர்சனம் அந்த வட்டாரத்தில் பிரபலம்: "ஞாயிற்றுக்கிழமை ட்ரென்ட் ஆற்றில் இறங்கிப் பார்த்தேன். என் பூட்ஸ் ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. கெர்ஷாவின் ஆட்கள் ஒருவன்கூடப் பூட்ஸைக் கழற்றவில்லை, ஒருவனும் சிக்கவில்லை. தோல்வி."

போன மார்ச்சில் கெர்ஷாவின் மூன்றாவது நாவல் 'ஆஸ்ரின் கரை' வந்தது. முதலில் படித்து முடித்தவன் டாரன். தபால்காரன், லொரைனின் விளையாட்டுக் குழுவில் வாய் ஓயாதவன். பையைத் தோளில் மாட்டியபடியே பட்டறைக்கு வந்து, சோதனைக் குழியின் விளிம்பில் குனிந்தான். லொரைன் கீழே ஒரு காரின் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"லொரைன், கொஞ்சம் உட்காரு."

"குழிக்குள்ள எங்கடா உட்கார? விஷயத்தைச் சொல்லு."

"கெர்ஷாவோட புதுப் புத்தகம். பாலப்படையைப் போட்டிருக்கான்."

சுத்தியல் நின்றது. "நம்ம பசங்களையா? கதையிலயா?"

"கதை முழுக்க அவங்கதான். ஆனா..." டாரன் தொப்பியைக் கழற்றிவிட்டான். "ஒருத்தனும் மிச்சமில்ல. கடைசி அத்தியாயத்துல எல்லாரும் போயிட்டாங்க."

மேலே மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. லொரைன் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

"இந்த வண்டி தோல்வி. வண்டிக்காரர் வாசல்ல நிக்கிறார் பாரு, போய்ச் சொல்லு."

"உன்னைப் பழிவாங்கிட்டான், கேட்டியா? உனக்கு அவங்கமேல எவ்வளவு ஆசைன்னு உலகத்துக்கே தெரியும். கிழிச்சுத் தொங்கவிடு. நாங்க எல்லாரும் உன் பக்கம்."

"படிக்காம எப்படிக் கிழிக்கிறது, கண்ணு?"

ஆனால் அவருக்குத் தெரிந்தது. தோல்வி என்று எழுதினால், பொம்மைகளுக்காக அழுகிறாள் என்பார்கள். தேர்ச்சி என்று எழுதினால், அப்படிச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துவிட்டாள் என்பார்கள். இத்தனை காலம் அவர் சொல்லை நம்பிப் பலர் புத்தகம் வாங்கினார்கள், பலர் வாங்காமல் விட்டார்கள். இப்போது சோதனைக் குழிக்கு மேலே நிறுத்தப்பட்டிருந்தது அந்தச் சொல்தான்.

சனிக்கிழமை மேசை முழுவதும் ஆஸ்ரின் ஆறு. நீலத் துணி விரித்து, லொரைன் தன் சிப்பாய்களையே அதில் நிறுத்தினார். புத்தகம் யாரைக் கொன்றதோ அவனை எடுத்துப் பிஸ்கட் டப்பாவில் படுக்கவைத்தார். ஒரு தவறு கிடைக்காதா என்று தேடினார். அப்படித் தேடியதை அவர் மறைத்ததில்லை. நீரின் வேகத்தைக் கணக்கிட்டார். பலகையின் எடையைப் பார்த்தார். எதிரியின் பீரங்கி எட்டும் தூரத்தை இரண்டு முறை அளந்தார். நாடாவின் மறுமுனையை மால்கம் பிடித்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு சன்னல் திட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"எல்லாருமேவா?" என்றார் மால்கம்.

"எல்லாரும்."

"எட்வின்கூடவா? அந்தச் சிவப்புத் தாடிக்காரன்?"

"பேசாம பிடி."

கடைசி அத்தியாயத்தில் பாலத்தைத் தாங்கும் படகுகள் எரிந்துபோகின்றன. பின்னால் மொத்தச் சேனையும் தப்பிக்கக் காத்திருக்கிறது. பாலப்படையினர் ஆற்றில் இறங்கிப் பலகைகளைத் தோளில் தாங்குகிறார்கள். சேனை அவர்கள்மேல் நடந்து கடக்கிறது. இறங்குவதற்கு முன்னால் அவர்களுடைய சார்ஜென்ட் ஒரே ஒரு கட்டளை இடுகிறான்: பூட்ஸைக் கழற்று, சேறு விடாது. அவர்கள் பூட்ஸைக் கழற்றிக் கரையில் வரிசையாக வைக்கிறார்கள், பின்னால் வெறுங்காலோடு வருகிறவன் போட்டுக்கொள்ளட்டும் என்று.

லொரைன் அந்தப் பத்தியை இரண்டாம் தடவை படித்தார். நாடா அவர் கையை விட்டுச் சுருண்டு உள்ளே ஓடியது.

மால்கம் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். அவர் வாழ்நாளில் இந்தக் கதைகளில் ஒரு பக்கமும் படித்தவரல்ல. "ட்ரென்ட்டுல விட்டுட்டு வந்தியே. இது உன் பூட்ஸ்தானே?"

"அவங்க பூட்ஸ்" என்றார் லொரைன்.

அன்று மாலை வெளியான விமர்சனம் அவர் எழுதியதிலேயே சிறியது. "ஆஸ்ரின் கரை. ஒவ்வோர் அடியும் அளந்தேன். நீர் இழுக்கிறது, சேறு பிடிக்கிறது, பலகை கனக்கிறது. பாலப்படை கட்டிய பாலங்களில் இதுதான் கடைசி, இதுதான் நிற்பதும். தேர்ச்சி." கவனிக்க வேண்டிய குறைகளை எழுதும் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தை அவர் அதற்கு முன் காலியாக விட்டதே இல்லை. மறந்துவிட்டீர்களா என்று வாசகர்கள் கேட்டார்கள். "மறக்கவில்லை" என்று ஒருவருக்கு மட்டும் பதில் போட்டார்.

பயந்துவிட்டாள் என்று சிலர் சொல்லத்தான் செய்தார்கள். டாரன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை மாலை, சர்ச்சின் பின்கூடத்தில் குழு கூடியபோது லொரைன் பிஸ்கட் டப்பாவோடு வந்தார். டாரனால் பொறுக்க முடியவில்லை.

"செத்தவங்களை எதுக்குத் தூக்கிட்டு வந்த? நீயே தேர்ச்சி குடுத்தாச்சு. இனி இவங்களை இறக்க முடியாதே."

"செத்த அன்னிக்கு நடந்த சண்டையில இறக்கலாம். நியதி தெரியும்ல? ஆஸ்ரின் ஆட்டம் போடு. நீதான் எதிரி."

"ஜெயிக்கவே முடியாது, லொரைன்."

"ஜெயிக்கிறேன்னு யாரு சொன்னது? துணியை விரி, கண்ணு."

டாரன் நீலத் துணியை விரித்தான். லொரைன் டப்பாவைத் திறந்து சிப்பாய்களை ஒவ்வொருவனாக ஆற்றில் நிறுத்தினார். பக்கத்து மேசைகளில் பகடைச் சத்தம் நின்றது. ஒவ்வொருவனின் காலிலும் பூட்ஸ் கத்தியால் சுரண்டி எடுக்கப்பட்டு, தோலின் நிறம் பூசப்பட்டிருந்தது. அரிசி மணி அளவுப் பாதங்களில் விரல்கள்கூடத் தெரிந்தன.

டாரன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். 

லொரைன் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே பசைமண்ணில் செய்த குட்டிப் பூட்ஸ்கள். இடுக்கியால் ஜோடி ஜோடியாக எடுத்துக் கரையோரம் வரிசையாக வைத்தார். ஒன்று பக்கவாட்டில் சரிந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரல் நுனியால் அதை நேராக நிமிர்த்தினார், வருகிறவன் காலை நுழைக்கத் தோதாக.