எனக்கென்று அடித்த ஆணி

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் மேனேஜர் மேசைக்குப் பின்னால் ஒரு பலகை இருந்தது. குடோன், ஜெனரேட்டர் ரூம் என்று எல்லாச் சாவியும் சாயங்காலம் அங்கே வந்து தொங்க வேண்டும். பல்லடம் யூனிட்டில் இருந்த சர்வருக்குள் ஆபீஸிலிருந்தே நுழைய, பாஸ்வேர்டுக்குப் பதிலாக, நான் ஒரு சாவி ஃபைல் வைத்திருந்தேன். அதைக் கேள்விப்பட்டதும் அவர் பலகையில் புதிதாக ஓர் ஆணி அடித்தார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க சாவியும் இங்க வரோணும்."

"அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஃபைலுங்க. என்னைத் தவிர யாரும் பார்க்கக் கூடாதுங்க."

"உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமுங்களா?"

நான் சாப்பிடப் போன நேரத்தில், என் கம்ப்யூட்டரிலிருந்து அதை எல்லோரும் திறக்கும் பொது ஃபோல்டருக்குக் காப்பி செய்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது, அந்தக் காப்பியை வைத்து சர்வருக்குள் நுழைய முடியாமல் அவர் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இங்கிலீஷ்ல என்னமோ திட்டுதுங்க."

"ஊரே பார்க்கிற சாவியை ஏத்துக்க மாட்டேங்குதுங்க" என்றேன். சிரிப்பை அடக்க நான் முயலவே இல்லை.

அவர் கண்ணெதிரிலேயே பழைய சாவியை அந்த ஃபோல்டரிலிருந்தும் சர்வரிலிருந்தும் நீக்கினேன். புதுச் சாவி உருவாக்கி, அதற்கு எனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டும் போட்டேன்.

ஆணியை அவர் பிடுங்கவில்லை. வேலையை விடும்வரை அதில் என் குடையைத்தான் மாட்டினேன்.