கெட்ட செய்தி பரீட்சைக்கு அப்புறம்

மேடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் நல்லசேதி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அந்த ஆபீஸில் குப்பை கொட்ட முடியாது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. விசா வந்தபின் அவர்களை உட்கார வைத்து, போகிற இடத்தில் எப்படிப் பிழைப்பது என்று பாடம் எடுப்பது மேடத்தின் வேலை. பதினெட்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் எடுத்தார்.

நல்ல பாடம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. சொத்தைப் பல்லை இங்கேயே பிடுங்கிக்கொள், அங்கே பல் டாக்டரிடம் போனால் தாங்காது. மூக்குக்கண்ணாடி இரண்டாக வாங்கு. ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் நீ முட்டாள், கைப்பையில் வை. போட்டோவைப் பார்த்து ரூம் பிடிக்காதே. வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்றால் அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடப் பார்க்காதே. இதைக் கேட்டு ஏதாவது ஒரு பெண் பயந்துபோய்க் கண்ணைக் கசக்கினால், வெளியே போய் அழுது முடித்துவிட்டு வரச் சொல்வார்.

மதியம் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பெற்றோருக்குத் தனி வகுப்பு. அதில் பாடம் ஒன்றே ஒன்று: கெட்ட செய்தி எதுவானாலும் பரீட்சைக்கு அப்புறம். வீட்டில் யார் படுத்தாலும், யார் போய்ச் சேர்ந்தாலும், பிள்ளை காதுக்குப் போகக் கூடாது. தெரிந்தால் ஓடி வருவான். வந்தால் அட்டெண்டன்ஸ் குறையும், விசா போகும், அதோடு எல்லாம் போகும்.

இது மேடம் பட்டுத் தெரிந்துகொண்டது. இருபத்திரண்டு வயதில் அவரும் படிக்கப் போனவர்தான். அப்பா சீரியஸ் என்று போன் வர, பரீட்சையை விட்டுவிட்டுப் போட்டது போட்டபடி கிளம்பி வந்தார். வந்து பார்த்தால் அப்பா கட்டிலில் சம்மணம் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதுக்கும்மா வந்தே என்று வேறு கேட்டாராம். மேடத்தால் திரும்பிப் போக முடியவில்லை. அப்பா அதற்குப் பிறகு பதினாறு வருஷம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். மேடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

ஒருநாள் காலை ஆபீஸ் திறந்ததும் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து நின்றார். அவருடைய ஒரே மகனை நாங்கள்தான் அனுப்பி வைத்திருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் அவர் மனைவி நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு இன்னும் வீட்டில்தான் கிடந்தது. மகனுக்குப் பரீட்சை முடிய மூன்று வாரம். சொல்லவா, வேண்டாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். சொல்லு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் அவர் வந்தார் என்பது என் எண்ணம்.

"அம்மான்னா அவனுக்கு உசுரு மேடம். அவன் வரணும்," என்றார்.

"வந்து? எழுப்பிடுவானா?"

மனைவியின் போனைக் கேட்டார் மேடம், கண்டக்டர் எடுத்துக் கொடுத்தார்.

மேடம் பழைய மெசேஜ்களை அரை மணி நேரம் படித்தார். அந்த அம்மா மகனைத் தங்கம் என்றுதான் கூப்பிடுவார், முற்றுப்புள்ளி வைக்க மாட்டார். அதேபோல் எழுதினார்: தங்கம் தொண்டையில சின்ன ஆபரேஷன் டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டார் மெசேஜ் போடறேன் நீ படி. அந்த அம்மாவை வீட்டிலிருந்து தூக்குவதற்கு முன்பே இது போய்ச் சேர்ந்துவிட்டது. போனைச் சார்ஜில் போடுவது என் பொறுப்பு. தினமும் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மேடம் சாப்டியா தங்கம் என்று போடுவார். சாப்டேன்மா என்று வரும். நாலாம் நாள், பேச வேண்டாம், வீடியோவில் வந்து மூஞ்சியை மட்டும் காட்டு என்று பையன் கேட்டான். மூஞ்சி வீங்கிக் கிடக்கு அப்புறம் பாக்கலாம் என்று பதில் போட்டார். சரிம்மா என்று வந்தது.

"பையன் சமத்து," என்றார் மேடம். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பெற்றவள் முகத்தைக்கூடக் காட்டாமல் செய்துவிட்டானே என்று சொந்தக்காரர்கள் கண்டக்டரைக் கரித்துக் கொட்டினார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பான்." பஸ்ஸில் தெரிந்தவர்கள் ஏறினால் அவர்களிடமும் இதையே சொல்லுவார்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மகனிடம் சொன்னார்கள். அவன் போனை வைத்துவிட்டான். வரவும் இல்லை. அதற்குப் பிறகு அப்பா போன் செய்தால் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். மறைத்த கோபம் என்று நினைத்தார் கண்டக்டர். ஆபீஸ் பக்கம் வரும்போதெல்லாம் என்னிடம் புலம்புவார். அவன் வரட்டும், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்பார். மேடம் அவன் மார்க் ஷீட்டைப் பிரதி எடுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து, நல்ல வேலையோடு, லீவில் வந்தான். மேடம் விடுவாரா? பெற்றோர் வகுப்பில் பேச வைத்தார். கண்டக்டர் லீவு போட்டு, தேய்த்த சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அப்பா செய்தது சரி என்று மகன் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் போதும் என்று என்னிடம் சொன்னார்.

"மேடம் சொல்றத அப்படியே செய்ங்க," என்று ஆரம்பித்தான் அவன். கண்டக்டர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "எங்கம்மா விஷயத்துல அப்படித்தான் செஞ்சாங்க. ஆனா எனக்கு நாலாம் நாளே தெரிஞ்சுபோச்சு. முன்னாடி எங்கம்மா வீங்கின மூஞ்சியோட பத்து தடவை வீடியோல வந்திருக்காங்க. அவங்க இல்லைன்னு புரிஞ்சுது. நான் கேக்கல. கேட்டா சொல்லிடுவாங்க, சொன்னா வரணும். அதனால சாப்டேன்மா சாப்டேன்மான்னு போட்டுக்கிட்டே இருந்தேன். எல்லாப் பேப்பரும் பாஸ்."

முன்வரிசையில் ஒருவர் இதையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் நாற்காலி நகர்ந்தது. கண்டக்டர் எழுந்து நின்றார்.

"தெரிஞ்சும் நீ வரலியா?"

மகன் மேடத்தின் பக்கம் திரும்பினான்.

"உட்காருங்க சார்," என்றார் மேடம். "கேள்வியெல்லாம் கடைசியில."

கண்டக்டர் உட்கார்ந்தார்.