கம்பி கட்டிய டாக்டர்

பைக்கிலிருந்து விழுந்து எனக்குத் தாடை உடைந்தபோது, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியவர், முக அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் இருந்த ஒரு பெண் டாக்டர். ஒல்லியானவர். கழுவிக் கழுவி வெளிறிய விரல்கள்.

டிஸ்சார்ஜ் அன்று சின்னக் கட்டர் ஒன்றைக் கொடுத்தார். "வாந்தி வந்தா உடனே கம்பியை வெட்டணும் ஐயா. வீட்ல யாரு இருக்கா?"

யாருமில்லை என்று எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, எங்கே வெட்டுவதென்று எனக்கே பழக்கினார்.

அதன்பின் தினமும் சாயங்காலம், காரைக்குடியில் வீடு திரும்பியிருந்த எனக்குப் போன் செய்தார். "நல்லாருந்தா போன்ல ரெண்டு தட்டு தட்டுங்க." தட்டியதும் வைத்துவிடுவார். ஒருநாள் மட்டும் வைக்கவில்லை.

"இன்னைக்கு ஆறு மணி நேரம் ஆபரேஷன்ல நின்னேன் ஐயா. ரூமுக்கு வந்தா சொல்ல ஆளில்லை."

மறுபடியும் தட்டினேன்.

ஆறு வாரம் கழித்துக் கம்பியை எடுத்தவர் வேறு டாக்டர். கட்டியவர் பயிற்சிக்காக வெளியூர் போய்விட்டாராம். என் போனில் சார்ஜ் இல்லை. திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் போனை வாங்கி, டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்கு அடித்தேன்.

"சாப்டீகளா டாக்டரம்மா?"

"யாரு பேசறது?"

என் குரலை அவர் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெயரைச் சொன்னேன்.

"இன்னும் சாப்பிடலை ஐயா" என்றார்.